கோழிக்கடைக் கூண்டில் ஒரு பந்தயப் புறா

எங்கள் புறாப் பந்தயச் சங்கத்தின் பதினோராவது விதி இது: "இளைத்தோ, எச்சம் நீர்த்தோ காணப்படும் பறவையை உடனடியாக மற்றவற்றிடமிருந்து பிரித்துத் தனிக் கூண்டில் வைக்க வேண்டும். அதன் எச்சத்தைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். குடற்புழு இருப்பதாக முடிவு வந்த பின்னரே மருந்து கொடுக்க வேண்டும். இறகு உதிர்க்கும் காலத்தில் மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் கூடுதல் கவனம் தேவை."

இதை எழுதியவன் நான்தான். கால்நடைத் துறை அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே சங்கத்தார் என்னைக் கௌரவச் செயலாளராகப் பிடித்துப் போட்டார்கள். நான் புறா வளர்த்ததில்லை. கோப்பு வளர்த்திருக்கிறேன். புறாவைவிட அது நீண்ட நாள் உயிரோடிருக்கும். விதிகளைப் படித்துக் காட்டியபோது எல்லோரும் கை தூக்கி ஏற்றுக்கொண்டார்கள். கறிக்கோழிக் கடை வைத்திருந்த அந்தம்மாவும் தூக்கினார். தூக்கிய கையில் முழங்கை வரை கோழி ரத்தம் காய்ந்திருந்தது.

பதினோராவது விதியை அந்தம்மா ஆண்டுதோறும் மீறினார். ஒரே ஓர் ஆண்டு மட்டும் எழுத்துப் பிசகாமல் அதன்படி நடந்தார். நான் எழுத உட்கார்ந்திருப்பது அந்த ஆண்டைப் பற்றி என்றாலும், மற்ற ஆண்டுகளைச் சொல்லாமல் அது விளங்காது.

பேகம்பூர் போகும் சாலையில் அவருடைய கறிக்கோழிக் கடை. கீழே கடை, நடுவில் வீடு, மொட்டை மாடியில் புறாக்கூடு. கீழே இருப்பவை சாக வந்தவை, மேலே இருப்பவை பறக்க வந்தவை என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அந்தம்மாவிடம் அப்படி ஒரு பாகுபாடு கிடையாது. பந்தயத்தில் பிந்தி வந்தது, குஞ்சைக் கவனிக்காதது, சொன்ன நேரத்தில் கூட்டுக்குள் இறங்காதது எல்லாம் மாடியிலிருந்து கீழே வரும். அதற்கென்று கடைவாசலில் ஒரு சின்னக் கம்பிக் கூண்டு உண்டு. பக்கவாதத்துக்குப் புறாக்கறி நல்லது என்று நம்புகிறவர்கள் திண்டுக்கல்லில் நிறைய. கூண்டில் புறா இருந்தால் கேட்டு வாங்கிப் போவார்கள். அந்தக் கூண்டுக்கு வந்த புறா எதுவும் மறுபடி மாடி ஏறியதில்லை.

சங்கத்தில் அவர் ஒருவர்தான் பெண். சேர்க்கக் கூடாது என்று தலைவர் சொன்னார். தலைவர் புகையிலை வியாபாரி. சலவைச் சட்டை இல்லாமல் தெருவில் இறங்க மாட்டார்.

"உங்கள் பழைய விதியில் உறுப்பினர் என்றுதான் இருக்கிறது. ஆண் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை" என்றேன்.

"அந்தம்மாவச் சேத்தா அடிதடிதான் வரும், பாத்துக்கங்க" என்றார் தலைவர். மனிதர் சொன்னதில் பலித்தது அது ஒன்றுதான்.

அந்தம்மா ஆள் குட்டை. கை மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரியது. எந்த விஷயத்தையும் திறந்து பார்த்தால்தான் நம்புவார். மின்விசிறி ஓடவில்லையா, கழற்றிப் போடுவார். தீவன மூட்டையில் கல் கலந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தால் கடைக்காரன் எதிரிலேயே மூட்டையின் வயிற்றைக் கத்தியால் கிழித்துச் சாலையில் கொட்டுவார். புறாவிடமும் அதே வழிதான். பந்தயப் பருவம் தொடங்கும் முன் எல்லாப் புறாவையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, நெஞ்செலும்பின் மேல் கட்டைவிரலை ஓட்டுவார். சதை வற்றி, எலும்பு கத்தி முனைபோலத் தட்டுப்படுகிற ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். இரண்டு விரலுக்கிடையில் கழுத்து; ஒரு திருகு. பிறகு மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்து அடிவயிற்றிலிருந்து நெஞ்சு வரை கீறி, குடலை உருவி நீளமாகப் போட்டு, கத்தி நுனியால் அதைத் திறந்துகொண்டே போவார். பூச்சி இருந்தால் சேமியா கொட்டினாற்போல வெள்ளை வெள்ளையாக வழியும். அன்றே எல்லாப் புறாவுக்கும் மருந்து. இல்லாவிட்டால் கையைக் கழுவிக்கொண்டு கடைக்கு இறங்கிவிடுவார்.

முதல் முறை அதைப் பார்த்தபோது நான் விதியைச் சொன்னேன். "எச்சத்த ஒரு டப்பாவுல போட்டு அனுப்புனாத் தெரிஞ்சிருமேம்மா. எதுக்கு ஒரு உசுரக் கொல்லணும்?"

"பீயப் பாத்துச் சொல்றது சோசியம் சார். கொடலத் தொறந்து பாத்துச் சொல்றதுதான் வைத்தியம். ஒண்ணு போனா மிச்சம் அம்புட்டும் பொழைக்கும்ல?"

"அந்த ஒண்ணும் உசுருதானே?"

"கீழ நிக்கிற கோழி என்ன, ரப்பர் பொம்மையா? போன ஞாயித்துக்கிழம அரக்கிலோ வாங்கயில இந்தக் கேள்வியக் காணமே, சூப்பிரண்டு சார்?"

ஈரலைக் கொஞ்சம் கூடுதலாகப் போடச் சொல்லி அன்று நானே கேட்டிருந்தேன்.

பூச்சி வராமல் தடுப்பதிலும் அவர் கை அப்படித்தான். குடற்புழுவின் முட்டை எச்சத்தோடு தரையில் விழும். ஈரமும் சூடும் கிடைத்தால் சில நாளில் பக்குவப்படும். அதை இரையோடு கொத்துகிற அடுத்த புறாவுக்குத் தொற்றும். ஆகவே தரை காய்ந்திருக்க வேண்டும், எச்சத்தை அன்றாடம் சுரண்ட வேண்டும். பினாயில் ஊற்றுவதால் பெரிய பயன் இல்லை. அந்த முட்டையின் ஓடு அப்படி. சூடு ஒன்றுக்குத்தான் அது சாகும். இதையெல்லாம் நான் கூட்டத்தில் விளக்கியபோது மற்றவர்கள் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தம்மா மறுநாளே, கோழித் தோலை வாட்டும் கேஸ் குழாயை மாடிக்கு இழுத்துப் போய்க் கூட்டின் தரை, மூலை, பலகை இடுக்கு எல்லாம் நெருப்பால் கழுவிவிட்டார். வாரம் தவறாமல் அது நடக்கும். புறாக்கள் தலைக்கு மேலே வட்டமடிக்க, நீல நெருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "சாவு, சாவு" என்று பல்லைக் கடித்தபடி அவர் தரையோடு பேசிக்கொண்டிருப்பார். ஒருமுறை பலகையே பற்றிக்கொண்டது. அதையும் கையாலேயே அடித்து அணைத்தார்.

பந்தயத்துக்கு முந்தின மாலை எல்லோருடைய புறாக்களையும் ஒரே பெரிய கூடையில் ஏற்றி லாரியில் அனுப்புவோம். ஆந்திராவிலுள்ள ஓங்கோலில் திறந்துவிட்டால் எது முதலில் வீடு திரும்புகிறதோ அதற்குக் கோப்பை. அப்படி ஒரு மாலை, தலைவர் கொண்டுவந்த ஒரு சேவல் புறாவை அந்தம்மா கையில் வாங்கிக் கட்டைவிரலை ஓட்டினார்.

"இது பூச்சி விழுந்தது. ஏத்தக் கூடாது."

"போன வாரந்தாம்மா மருந்து குடுத்தேன். சத்தியமா" என்றார் தலைவர்.

தனிக் கூண்டு, எச்சம், சோதனை என்று குறிப்பு எழுத நான் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அதற்குள் கழுத்து திருகியாயிற்று. கூடையின் மூடிமேலேயே வைத்துக் கீறி, குடலைத் திறந்து, வழிந்ததைக் கத்தி முனையில் தூக்கித் தலைவரின் சலவைச் சட்டைமேல் வைத்தார். "இந்தா, ஒஞ் சத்தியம்."

தலைவர் கையை ஓங்கினார். கத்தியின் முதுகு அவர் காதில் இறங்கியது. சட்டையின் ஒரு பக்கம் புழு, மறு பக்கம் ரத்தம். காதில் தையல் போட்ட பிறகு இரு தரப்பும் சமாதானம் என்று நான்தான் தீர்மானம் எழுதினேன்.

எல்லாம் அடங்கிய பின் அந்தம்மாவிடம் சொன்னேன்: "கூடையில ஒரு நாள் சேந்து போறதுனால பூச்சி தொத்தாதும்மா. முட்ட பக்குவப்பட நாளாகும். நீங்க பயந்தது தேவையில்லாத பயம்."

"அப்ப அந்தச் சேவலு சும்மாவா செத்துச்சு?"

"ஆமா."

"போகட்டும். தலைவரு காது சும்மா கிழியல."

இன்னொரு சமயம் தப்பு அவர் பக்கம். இறகு உதிர்க்கும் காலத்தில், தீவனக் கடைக்காரன் பேச்சைக் கேட்டு, ஆட்டுக்குக் கொடுக்கும் பூச்சி மருந்தை எல்லாப் புறாவுக்கும் ஊற்றிவிட்டார். பூச்சி செத்தது. ஆனால் அப்போது முளைத்துக்கொண்டிருந்த இறகெல்லாம் கரையான் அரித்ததுபோல நரம்பு நெளிந்து, விளிம்பு அறுபட்டு வந்தன. அப்படிப்பட்ட சிறகை வைத்துக்கொண்டு தெருவைத் தாண்டலாம், ஓங்கோலைத் தாண்ட முடியாது. அடுத்த ஆண்டு அந்த இறகு உதிர்ந்து நல்லது முளைத்துவிடும், பொறுங்கள் என்றேன். 'பொறுங்கள்' என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் முகம் கோணிக்கொண்டது. அன்று பகல் முழுக்க மாடியில் உட்கார்ந்து, கெட்டுப்போன சிறகு இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பிடுங்கினால் அந்த இடத்தில் புதிது முளைக்கும் என்பது உண்மைதான். பிடுங்கும்போது ரத்தம் பீய்ச்சும் என்பதும் உண்மை. மாடிப்படியில் ஏறிய எனக்கு முதலில் தெரிந்தது அவருடைய சேலை முந்தானைதான். சாயத் தொட்டியில் விழுந்து எழுந்ததுபோல் இருந்தது. இரண்டு புறா ரத்தம் நிற்காமல் செத்தன. மற்றவை அந்தப் பருவத்திலேயே பறந்தன. "தப்பு நான் பண்ணுனது. அதுக்கு வருசம் பூரா அதுகள எதுக்குக் காக்க வைக்கணும்?" என்றார். இதில் அவர் புறாக்களின் கட்சியா, எதிர்க்கட்சியா என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு புறாவிடம் மட்டும் கட்டைவிரலை மெதுவாக வைப்பார். நீலப் பட்டை போட்ட பெட்டை. 'பெரியவ' என்று கூப்பிடுவார். ஒருநாள் அதைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்தே வைரி அடித்தது. வைரி என்பது சின்ன வல்லூறு. அடித்தால் தூக்கிக்கொண்டு போய்விடும். அந்தம்மா பாய்ந்து வைரியின் காலைப் பிடித்துவிட்டார். அது நகத்தை அவர் கையில் எலும்பு வரை இறக்கியது. அவர் விடவில்லை. துணி துவைப்பதுபோல் அதைச் சுவரில் அடித்தார். அதன் பிடி தளர்ந்த பிறகும் அடித்தார். பெரியவளின் முதுகுத்தோல் கிழிந்து தொங்கியது. அதை மடியில் வைத்துக்கொண்டு, தைக்கிற ஊசியும் நூலும் எடுத்து அவரே தைத்து மஞ்சளை அப்பினார். அவர் கையிலிருந்து சொட்டிய ரத்தம் அதன்மேலேயே விழுந்துகொண்டிருந்தது.

வைரியைக் கொல்வது சட்டப்படி குற்றம் என்று நான் அப்போது சொல்லியிருக்க வேண்டாம்தான்.

"அந்தச் சட்டத்த அதுகிட்டச் சொல்லீருக்கலாம்ல சார், நான் வாரதுக்கு முன்ன" என்றார்.

பெரியவள் பிழைத்தது. பிறகு பந்தயத்துக்குப் போகவில்லை. மாடியில் அப்புறம் பறந்தவற்றில் பெரும்பாதி அதன் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள்.

இனி அந்த ஆண்டு. ஆடி கழிந்து புறாக்கள் இறகு உதிர்த்துக்கொண்டிருந்த நேரம். அந்தம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதற்கு முன் வந்ததே இல்லை.

"பெரியவ எளச்சிட்டா சார். நெஞ்செலும்பு குத்துது. எச்சம் தண்ணியா இருக்கு."

"மத்ததுக?"

"மத்தது எல்லாம் நல்லா இருக்கு. இவ ஒருத்திதான்." அவருடைய வழக்கப்படி, இளைத்த ஒன்றை அறுத்துப் பார்த்தால் மற்றவை பிழைக்கும். இளைத்த ஒன்று இதுதான். "ஒங்க ரூலு என்னமோ சொல்லுமே. அது என்ன?"

சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு மருந்து கொடுக்க முடியாத நிலை அது. ஒரு மருந்து முளைக்கிற இறகைக் கெடுக்கும். இன்னொன்று கசப்பு, இளைத்த கிழட்டுப் பறவைக்கு வாந்தி எடுத்தே உயிர் போகும். பூச்சி இருக்கிறது என்று உறுதியானால்தான் துணிந்து கொடுக்கலாம். அதுவரை தனிக் கூண்டு. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

எச்சத்தை ஒரு புட்டியில் எடுத்தோம். அருகில் இருந்த கால்நடை மருந்தகத்தின் நுண்ணோக்கி பழுது நீக்கப் போயிருந்தது. எந்த ஆண்டு போனது என்று கேட்டபோது யாருக்கும் நினைவில்லை. ஆகவே, வெளியூரில் இருந்த ஆய்வுக்கூடத்துக்கு முறையான வழியில், முகப்புக் கடிதம் வைத்து அனுப்பினேன். நேரில் கொண்டுபோனால் வாங்க மாட்டார்கள். நேரில் வாங்கக் கூடாது என்ற சுற்றறிக்கை ஒரு காலத்தில் என் மேசையிலிருந்துதான் போனது.

தனிக் கூண்டு என்று சொல்லியிருந்தேன். அவரிடம் இருந்த தனிக் கூண்டு ஒன்றே ஒன்று. மாடியை விட்டுத் தள்ளி, மற்றப் புறாக்களின் காற்றுப் படாமல், கண்ணெதிரில். விதியில் குறை காண முடியாத இடம். பெரியவளைக் கீழே கொண்டுவந்து கடைவாசல் கூண்டில் வைத்தார்.

பிறகு காத்திருந்தார். வாழ்க்கையில் எதற்கும் காத்திராதவர் ஒரு காகிதத்துக்காகக் காத்திருந்ததால் தெருவே அடி வாங்கியது. கூண்டைக் காட்டி "இது என்ன வெல?" என்று கேட்ட ஒருவன் முகத்தில், நிறுத்துக்கொண்டிருந்த கோழிக்காலை வீசினார். தராசு சரியில்லை என்ற ஒருவரை அந்தத் தராசுத் தட்டாலேயே அடித்தார். நான் அந்தப் பக்கம் போனால் கத்தியை நிறுத்திவிட்டு, "பதிலு வந்துருச்சா சார்?" என்பார். "இல்லம்மா" என்றதும் அடுத்த வெட்டு மரக்கட்டையில் பாதி வரை இறங்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்னிவாடியில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. தாய்மாமன் முறை செய்யும் வீடு, போகாமல் தீராது. கடையில் வீட்டுக்காரரை விட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்காரரைப் பற்றி இதுவரை சொல்லாததற்குக் காரணம், அந்த வீட்டில் அவரைப் பற்றி யாரும் சொல்வதில்லை. மெலிந்த மனிதர். புறாத் தூசு பட்டால் இழுப்பு வந்துவிடும் என்பதால் மாடிக்கே போனதில்லை. பெரியவளை அவர் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் புறாவுக்குப் புறா வித்தியாசம் தெரியாது. காகிதத்துக்குக் காத்திருக்கும் விஷயத்தை அந்தம்மா அவரிடம் சொல்லவும் இல்லை. அந்தம்மா வாடிக்கையாளரை அடிப்பதில் அவருக்குப் புதுமையும் இல்லை. அறுக்கத் தயங்குகிறேன் என்று வீட்டில் எப்படிச் சொல்வார்? வீட்டுக்காரருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அந்தக் கூண்டில் புறா இருந்தால் அது கறிக்கு.

ஞாயிற்றுக் கூட்டத்தில் ஒருவர் வந்து, அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது, புறா இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது.

மத்தியானம் நான் கறி வாங்கப் போனபோது அந்தம்மா கன்னிவாடிப் பேருந்திலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார், தலையில் காதுகுத்து வீட்டு மல்லிகைப் பூவோடு. கூண்டைப் பார்த்தார். கதவு திறந்து கிடந்தது.

"இதுல இருந்தது எங்கய்யா?"

"அதுவா? வித்துருச்சு. வாதக்காரருக்குன்னு கேட்டாக" என்றார் வீட்டுக்காரர், ஒரு நல்ல வியாபாரத்தைச் சொல்கிற குரலில். "உரிச்சுத் துண்டு போட்டுக் குடுத்துட்டேன். கறியே இல்லத்தா, வெறும் எலும்பு."

அந்தம்மா கத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன். குரல் உயரவே இல்லை. "கொடலு?"

"என்னது?"

"கொடலு எங்க?"

கழிவுப் பீப்பாயைக் கெளுத்தி மீன் வளர்க்கிறவர்கள் கொஞ்சம் முன்புதான் எடுத்துப் போயிருந்தார்கள். காலிப் பீப்பாயை அவர் இரண்டு கையாலும் கவிழ்த்தார். உள்ளே கைவிட்டுத் துழாவினார். ஒட்டியிருந்த தோலும் ஈக்களும் தவிர ஒன்றுமில்லை. "கொடலாச்சும் வச்சிருக்கக் கூடாதாய்யா? கொடலாச்சும்..." என்று சொல்லிக்கொண்டே எழுந்தவரின் கையில் வெட்டுக்கத்தி இருந்தது. எப்போது எடுத்தார் என்று நான் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் இடது கையை வெட்டுமரத்தின் மேல் ஊன்றி நின்றிருந்தார். கத்தி மரத்தில் இறங்கியது. சுண்டுவிரலின் நுனி மரத்தின் அந்தப் பக்கம் விழுந்தது.

வரிசையில் நின்றவர்கள் சிதறினார்கள். வீட்டுக்காரர் தன் கையையே யாரோ ஒருவருடையதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மா தலையிலிருந்த பூவை உருவி எறிந்துவிட்டு, முந்தானையைக் கிழித்து அவர் விரலை இறுக்கிக் கட்டினார். கட்டும்போதும் அவரைத் திட்டிக்கொண்டேதான் இருந்தார்.

அரசு ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட காயத்தை விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், காயம் எப்படி ஏற்பட்டது என்று கேட்பார்கள், காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். எல்லா நடைமுறையையும் வழியிலேயே ஆட்டோவில் அவர்களுக்குச் சொன்னேன். மருத்துவர் கேட்டபோது வீட்டுக்காரர் சொன்னார்: "கோழி வெட்டயில பட்டுருச்சுங்க."

கதவோரம் நின்ற அந்தம்மா சீறினார். "நெசத்தச் சொல்லுய்யா."

"நெசந்தான சொல்றேன். நீ செத்த நேரம் பேசாம இரு" என்றார் வீட்டுக்காரர். அவர் அந்தம்மாவை அடக்கிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அந்தம்மா பேசாமல் இருந்ததும்.

வெளியே வந்ததும் என்னைச் சுவரோரம் நிறுத்தினார். "அந்தக் காயிதம் வரட்டும் சார். அவளுக்குப் பூச்சி இருந்துச்சுன்னு வந்தா, அவகூட அண்டிக் கெடந்தது அம்புட்டுக்கும் இருக்கும். அன்னைக்கே மாடியில ஏறி அத்தனையையும் அறுத்துப் போட்டுருவேன். ஒரு குஞ்சு மிஞ்சாது. மருந்துல பொழைக்க வேண்டியவளையே வெட்டியாச்சு, இதுக மட்டும் எதுக்கு?"

"இல்லன்னு வந்தா?"

"வரட்டும். பாப்போம்."

சொன்னால் செய்கிறவர். மாடியில் இருந்த ஐம்பது புறாவின் உயிர், வெளியூரில் ஏதோ ஒரு மேசையில் கிடந்தது.

அதற்கப்புறம் அந்தம்மா புறாக்களைக் கையில் எடுக்கவில்லை. கூட்டைத் திறந்துவிட்டு, "போங்க, எங்கிட்டாச்சும் போய்த் தொலைங்க" என்று கம்பால் விரட்டினார். சாயங்காலம் அத்தனையும் திரும்பி வந்தன. தொப்பம்பட்டிப் பக்கம் ஒருவருக்குச் சில ஜோடிகளைச் சும்மா கொடுத்தார். அந்த மனிதர் மறுநாள் தொலைபேசியில், "ஏனுங்க, உங்க புறா அங்க வந்துருச்சுங்களா?" என்று கேட்டார். வந்துவிட்டிருந்தன. எங்கே விட்டாலும் வீடு திரும்ப அவற்றைப் பழக்கியவர் இவர்தானே. பிறகு கல்லெடுத்து அடிக்கத் தொடங்கினார். கல் பறக்கும், புறாக்கள் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி, எறிந்தவரின் காலடியிலேயே வந்து இறங்கும். வீட்டுக்காரர்தான் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, கட்டுப்போட்ட கையோடு, இழுக்கிற மூச்சோடு மாடியேறி இரை போட்டார், தரையைச் சுரண்டினார். பார்த்தும் பார்க்காததுபோல் அந்தம்மா கீழே கோழி வெட்டினார்.

ஒருநாள் நான் இருந்தபோதே ஒரு கல் இளஞ்சேவல் ஒன்றின் மேல் சரியாக விழுந்தது. சிறகு முறிந்து தரையில் சுழன்றது. எடுத்துக் கழுத்தைத் திருகி, கீழே கொண்டுவந்து பீப்பாயில் போட்டார். கத்தி பக்கத்திலேயே இருந்தது.

"அத அறுத்துப் பாத்தாத் தெரிஞ்சிருமேம்மா" என்றேன். "காயிதத்துக்கு எதுக்குக் காத்திருக்கணும்?"

பீப்பாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "தெரிஞ்சிருச்சுன்னா?" என்றார்.

தீபாவளிக்கு முந்தின நாள் கறிக்கடை வரிசை சாலை வரை நின்றது. அன்று காலைத் தபாலில் பதில் வந்திருந்தது. வரிசையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனேன். உறையைப் பார்த்ததும் அந்தம்மாவின் கத்தி பாதியில் நின்றது. வீட்டுக்காரர் கோழியைத் தொங்கப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

பதிலில் இருந்தது இதுதான்: அனுப்பப்பட்ட எச்ச மாதிரியில் உருண்டைப் புழுவின் முட்டைகள் மிகுதியாகக் காணப்பட்டன. பறவையைத் தனிமைப்படுத்தி, கீழ்க்கண்ட மருந்தை வழங்கினால் தேறிவிடும். இறகுக்குப் பாதிப்பு இராது.

"என்ன போட்டுருக்கு சார்?"

"பூச்சி இல்லயாம்மா" என்றேன்.

அந்தம்மா என் முகத்தைப் பார்த்தார். மேலிருந்து கீழாக, கத்தி நுனியால் திறந்துகொண்டே போகிற பார்வை அது. எதைப் பார்த்தாரோ, கடைசிவரை போய்ப் பார்த்துவிட்டார் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

குனிந்து, பாதியில் நின்ற கோழியை வெட்டி முடித்தார். நிறுத்தார். பையில் போட்டு நீட்டினார். அடுத்த கோழிக்குக் கை நீட்டியபடி, என்னைப் பார்க்காமல், வீட்டுக்காரருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"சரி சார். அந்த இல்லாத பூச்சிக்கு என்ன மருந்து? எம்புட்டுக் குடுக்கணும்?"

சொன்னேன். மருந்தின் பெயரைச் சொன்னேன். இறகு உதிர்த்து முடிந்துவிட்டது, பயமில்லை. எடைக்குத் தக்கபடி அளவு. இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை. இரண்டு தடவையும் தரையைச் சுரண்டி நெருப்புக் காட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வெட்டினார். எதிரில் நின்றவர் தன் கறி சின்னத் துண்டாக வேண்டும் என்று சொன்னதற்கு, "வாய மூடிட்டு நில்லுய்யா, பேசிட்டிருக்கோம்ல" என்று கத்தியை ஓங்கினார்.

சாலைக்கு வந்து காகிதத்தை மறுபடி விரித்தேன். கையெழுத்துக்குக் கீழே போட்டிருந்த தேதி, கன்னிவாடிக் காதுகுத்துக்கு முந்தின திங்கட்கிழமை. பெரியவள் அந்தக் கூண்டில் உயிரோடு இருந்த நாள். பதில் என் கைக்கு வந்து சேர்ந்த தேதி, தீபாவளிக்கு முந்தின நாள்.